சேலத்தில் பட்ஜெட், குப்பை, பொது நிலம்: என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு தட்டச்சு செய்யத்தான் பாதிப் பேர் வருவார்கள். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் போக, எப்போதும் வரும் சண்டை மூன்று: ரோட்டுக்கு ஒதுக்கிய பணம் எங்கே, குப்பைக்கு ஏன் காசு, பார்க்கு இடத்தை யாருக்குக் கொடுத்தார்கள். ஒரே பதிலை நாளுக்கு நான்கு பேரிடம் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கோர்ட்டுக்குப் போகும் அளவுக்கு விஷயம் பெரிதானால் வக்கீலைப் பாருங்கள்.

"ஏங்க அக்கா, இதெல்லாம் முடிவு பண்றது யாரு? மேயரா, கமிஷனரா?"

இரண்டு பேருமே, ஆனால் வேலை வேறு. சேலத்தில் 60 வார்டுகள். 60 கவுன்சிலர்களும் சேர்ந்ததுதான் மாமன்றம். அவர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். கமிஷனர் அரசு நியமிக்கும் அதிகாரி. பெரும்பாலான விஷயங்கள் அவருடைய அலுவலகத்தில்தான் கோப்பாகப் பிறக்கின்றன. அது மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஒரு எண்ணோடு ஏறும், கூட்டம் ஒத்துக்கொண்டால் தீர்மானம் ஆகும், அப்புறம் அதை நிறைவேற்றுவதும் கமிஷனர்தான். சின்ன வேலைகளை அவரே அனுமதிக்கலாம். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மாமன்றத்துக்கு வரவேண்டும்.

மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு, அவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: மாநில அரசு. வரி விகிதம், நில விற்பனை, பெரிய திட்டங்கள் எல்லாம் கடைசியில் சென்னைக்குப் போய்த்தான் வரும். அதனால் கவுன்சிலர் வீட்டு வாசலில் கத்துவதற்கு முன்னால், உங்கள் பிரச்சினை இந்த மூன்று பேரில் யாருடைய மேஜையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் மனு அடிக்கும்போது முதலில் கேட்பதும் அதுதான்.

"மண்டல ஆபீஸ்னா என்ன? அங்க போறதா, மெயின் ஆபீஸ் போறதா?"

சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, குப்பை வண்டி வரவில்லை, வரி ரசீதில் பெயர் தப்பு, இதற்கெல்லாம் மண்டல அலுவலகமே போதும். நிலம், குத்தகை, டெண்டர், பட்ஜெட் என்றால் மெயின் ஆபீஸ். கன்னங்குறிச்சிக்காரர்கள் சிலர் பாவம், இங்கே வந்து அலைகிறார்கள். அது தனிப் பேரூராட்சி. வரி ரசீதின் தலைப்பில் எந்த உள்ளாட்சி என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

"பட்ஜெட்ல எங்க தெருவுக்கு ரோடு போட்டாச்சுன்னு கவுன்சிலர் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. ரோடு எங்க?"

பட்ஜெட்டில் போட்டது ரோடு இல்லை, எண். கல்யாணத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று வீட்டில் நோட்டில் எழுதுவோமே, அந்த மாதிரி. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு இவ்வளவு வரும், இவ்வளவு செலவாகும் என்ற கணிப்புதான் அது. வரவு வராவிட்டால் செலவும் நின்றுவிடும்.

ஒதுக்கீட்டுக்குப் பிறகு பொறியாளர் மதிப்பீடு போடவேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி இரண்டும் வரவேண்டும். அப்புறம் டெண்டர். தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும் என்பதால், வேண்டிய ஆளைக் கூப்பிட்டு வேலையைக் கையில் கொடுத்துவிட முடியாது. டெண்டரில் யாரும் வராவிட்டால் மறு டெண்டர். ஒப்பந்தக்காரர் முடிவானதும் பணி ஆணை. அந்தத் தாள் கையெழுத்தானால்தான் ஜல்லி வந்து இறங்கும்.

ஆகவே "ரோடு எப்போது போடுவீர்கள்" என்று கேட்காதீர்கள், "விரைவில்" என்று பதில் வரும். "மதிப்பீடு முடிந்ததா, டெண்டர் எண் என்ன, பணி ஆணை தேதி என்ன" என்று கேளுங்கள். இந்த மூன்றில் எது இல்லையோ அங்கேதான் உங்கள் ரோடு நிற்கிறது. இன்னொன்று: பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ தோண்டும் வேலை பாக்கி இருந்தால் வேண்டுமென்றே ரோட்டை நிறுத்தி வைப்பார்கள். அது நியாயமான காரணம். போட்ட ரோட்டை மறுமாதமே வெட்டுவதைவிடக் காத்திருப்பது மேல்.

"பற்றாக்குறை பட்ஜெட்னு பேப்பர்ல போட்டிருக்கே, கையில காசே இல்லையா?"

இருக்கலாம், ஆனால் வேறு டப்பாவில். மாநகராட்சியின் கணக்கு ஒரே பெட்டி இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி ஒன்று, குடிநீர் மற்றும் வடிகால் நிதி ஒன்று, ஆரம்பக் கல்வி நிதி ஒன்று. நீங்கள் கட்டும் சொத்து வரிக்குள்ளேயே கல்விக்கான பங்கு இருக்கிறது. அதை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும், குப்பை லாரிக்கு டீசல் போட எடுக்கக் கூடாது. கல்வி நிதியில் உபரியும் பொது நிதியில் பற்றாக்குறையும் ஒரே வருடத்தில் வருவது அதனால்தான். பேப்பரில் வரும் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், நிதி வாரியாகப் பாருங்கள்.

வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரிசை இருக்குமே, அது மாநகராட்சிக்குச் சொந்தமே இல்லை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் ஊர் நூலகத்தில் புது புத்தகம் வரவில்லை என்றால், அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா என்றும் ஒரு மனு போடலாம். ஏனோ அதை மட்டும் யாரும் கேட்டு வந்ததில்லை.

"அப்போ மாநகராட்சிக்கு வருமானம்தான் எங்கிருந்து?"

சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, கடை வாடகை, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம். தொழில் வரிக்கு அரசியல் சட்டத்திலேயே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் வாங்க முடியாது. இதுபோக மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை எல்லா உள்ளாட்சிகளுக்கும் பகிர்கிறது; மத்திய நிதிக்குழு மானியமும் வரும். ஸ்மார்ட் சிட்டி மாதிரித் திட்டப் பணம் தனி. சேலம் 2016-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பழைய பஸ் ஸ்டாண்டை ஈரடுக்காகக் கட்டியது அந்தத் திட்டத்தில்தான். "பஸ் ஸ்டாண்டுக்கு அவ்வளவு பணம் இருக்கு, எங்க சாக்கடைக்கு இல்லையா" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதுவும் வேறு டப்பா.

"சொத்து வரிய ஏத்துனது கவுன்சிலருங்கதானே? அவங்களே குறைக்க மாட்டாங்களா?"

கை தூக்கியது அவர்கள், ஆனால் விகிதத்தை நிர்ணயித்தது அரசாணை. 2022-ல் வந்த உயர்வில் சென்னை அல்லாத மாநகராட்சிகளுக்கு 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று வந்தது. சேலத்துக்கும் அதே. சொத்து வரியைக் காலத்துக்கேற்ப உயர்த்தினால்தான் 15-வது நிதிக்குழுவின் மானியம் கிடைக்கும் என்று மத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. மாமன்றம் மறுத்திருந்தால் மானியமும் போயிருக்கும். கவுன்சிலர்களை முழுக்க விடுவிக்க இதைச் சொல்லவில்லை. வெளிநடப்பு செய்துவிட்டு வெளியே வந்து பேட்டி கொடுப்பதும், மானியத்தை வைத்து வார்டில் கல்வெட்டு திறப்பதும் ஒருவரே செய்யும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

உங்கள் கையில் இருப்பது இரண்டு. அளவு தப்பாகப் போட்டிருந்தால் மறு அளவீடு கேட்கலாம். 590 சதுர அடி வீடு 610 என்று பதிவாகியிருந்தால் மேலே சொன்ன கணக்கில் அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள். இரண்டாவது, அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

"குப்பை எடுக்கிறது அவங்க கடமைதானே, அதுக்குத் தனியா ஏன் காசு?"

கடமைதான். ஆனால் 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பயன்பாட்டுக் கட்டணம் வசூலிக்கச் சொல்லியிருந்தார்கள். அது சொத்து வரிக்குள் கலந்தது இல்லை, ரசீதில் தனி வரிசையாக வரும். அதனால்தான் "வரி கட்டிட்டேனே, இது என்ன" என்ற குழப்பம். வீடு பூட்டிக் கிடந்தாலோ, ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போட்டிருந்தாலோ மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கட்டணமே வேண்டாம் என்று மனு போடுவது வீண் வேலை, அடித்துக் கொடுத்த காசு எனக்குத்தான் லாபம்.

"நாங்க மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சுக் கொடுக்கிறோம். வண்டியில ஒண்ணாக் கொட்டறாங்க. அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?"

கேட்கவேண்டிய கேள்வி. எல்லா ஊரிலும் எழும் குறை இது. ஒரு இடத்தில் கலந்துவிட்டால் அப்புறம் திரும்பப் பிரிக்கவே முடியாது. தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள். வண்டியில் தடுப்பு இருக்கிறதா, ஒரு நடைக்கு எத்தனை வீடு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அவர் கையில் இல்லை. நிறைய இடங்களில் அவர் தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தரம் பிரித்து எடுக்கவேண்டும் என்று இருந்தால், எடுக்காத நாளுக்கு அபராதம் பிடிக்கவும் ஷரத்து இருக்கலாம். அந்த ஒப்பந்தமும் மாமன்றத் தீர்மானத்தோடு வந்த தாள்தான், அதை வாங்கும் வழியைக் கீழே சொல்கிறேன். கலந்து கொட்டும் வண்டியின் எண்ணும் நேரமும் போட்டுப் போட்டோ எடுத்துவைத்தால் மனுவுக்கு உயிர் வரும்.

பிரிப்பதிலும் கணக்கு மாறிவிட்டது. 2016 விதிகளில் மக்குவது, மக்காதது, வீட்டில் வரும் ஆபத்தான கழிவு என்று மூன்று. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் நான்கு: ஈரக் கழிவு, உலர் கழிவு, நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு, பெயின்ட் டப்பா, காலாவதி மருந்து மாதிரித் தனிக் கவனம் வேண்டியவை. நாப்கினைப் பழைய பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அதைக் கையால் எடுப்பவர் ஒரு மனுஷி.

"பிரிச்சுக் கொடுத்தா அது எங்கதான் போகுது?"

ஈரக் குப்பை நுண்ணுர மையத்துக்குப் போகும். தொட்டிகளில் போட்டுக் கிளறி உரமாக்குவார்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் விற்கும் அந்த உரத்துக்கு 'செழிப்பு' என்று பெயர். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

உலர் குப்பையில் விலை போவது விலை போகும்: அட்டை, பால் கவர், தண்ணீர் பாட்டில், இரும்பு, எண்ணெய் டின். உண்மையைச் சொன்னால், சேலத்தில் மறுசுழற்சியைத் தூக்கி நிறுத்தியிருப்பவர்கள் மாநகராட்சிக்கு முன்பிருந்தே செவ்வாய்ப்பேட்டை வரை சாக்கு தூக்கிப் போகும் பழைய இரும்புக்காரர்களும் பேப்பர் கடைக்காரர்களும்தான். விலை போகாத சிப்ஸ் பாக்கெட், கிழிந்த கவர் போன்றவற்றைச் சிப்பமாகக் கட்டி சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவது தமிழ்நாடு முழுக்க இருக்கும் வழக்கம். எதற்கும் ஆகாதது கிடங்குக்குப் போகும்.

கிடங்கு என்றால் பழைய ஆட்களுக்கு எருமாபாளையம், இப்போது செட்டிச்சாவடி. அங்கே பழைய குப்பை மலையைச் சலித்து மண், கல், பிளாஸ்டிக் என்று பிரித்து இடத்தை மீட்கும் வேலைக்கு பயோமைனிங் என்று பெயர். இது மறுசுழற்சி இல்லை, பழைய கடனை அடைப்பது. இன்று நீங்கள் கலந்து போடும் குப்பையை இருபது வருடம் கழித்து யாரோ காசு கொடுத்துச் சலிக்கவேண்டியிருக்கும், அந்தக் காசும் வரியிலிருந்துதான்.

"எங்க தெருவுல கல்யாண மண்டபம் இருக்கு. எச்சில் இலை பூரா எங்க வாசல்ல. அவங்களுக்குச் சட்டம் இல்லையா?"

இருக்கிறது, உங்களுக்கு உள்ளதைவிடக் கடுமையாக. ஒரு நாளைக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ குப்பை உண்டாக்கும் இடம் எதுவானாலும், மண்டபம், ஹோட்டல், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி, அது மொத்தக் கழிவு உருவாக்குபவர் என்ற கணக்கில் வரும். ஈரக் கழிவை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாகவோ வாயுவாகவோ மாற்றவேண்டிய பொறுப்பு அவர்களுடையது. முகூர்த்த நாளில் ஒரு பந்தி முடிந்தாலே 100 கிலோ சாதாரணம். மனுவில் "நாற்றம் தாங்கவில்லை" என்று மட்டும் எழுதாமல், மொத்தக் கழிவு உருவாக்குபவராகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். சுகாதார அலுவலர் அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

"நாங்க ஏற்காடுங்க அக்கா. எங்களுக்கு மேயரும் இல்ல, கவுன்சிலரும் இல்ல. நாங்க யார்கிட்ட கேக்கறது?"

சேர்வராயன் மலையில் ஏற்காடு ஊராட்சி ஒன்றியமும், அதற்குள் மஞ்சக்குட்டை, நாகலூர், வெள்ளக்கடை, வாழவந்தி என்று ஊராட்சிகளும். அங்கே கிராம சபைதான் உங்கள் மாமன்றம், ஒரு விதத்தில் அதைவிட மேல், ஏனென்றால் நீங்களே எழுந்து நின்று பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். வரவு செலவைப் படித்துக் காட்டவேண்டும். 2019-ல் தேர்வான தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. அப்போதும் கிராம சபை உண்டு.

ஏற்காடு ஊராட்சியைப் பேரூராட்சி ஆக்கும் அரசு அறிவிப்பு அதே சமயத்தில் வந்தது. "நல்லதா கெட்டதா" என்று மலையிலிருந்து வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். தெருவிளக்கு, குப்பை வண்டிக்கு ஆளும் பணமும் கூடுதலாக வரலாம், மே மாதக் கோடை விழாக் கூட்டம் விட்டுப்போகும் குப்பையைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயம். மறுபக்கம், பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டமும் கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். காபித் தோட்டத்தில் கூலி வேலை இல்லாத மாதங்களில் அதை நம்பியிருக்கும் குடும்பத்திடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

"டாஸ்மாக்குல பாட்டிலுக்கு பத்து ரூபா சேத்து வாங்கறாங்களே, அது பஞ்சாயத்துக்கா போகுது?"

இல்லை. அது வரி இல்லை, முன்பணம். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் உங்களுக்கே வரும். காட்டுக்குள் உடைந்து கிடக்கும் பாட்டில் யானை, மாட்டின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு போய், உயர் நீதிமன்றம் சொன்னதால் 2022-ல் முதலில் நீலகிரியில் தொடங்கியது, பிறகு ஏற்காடு போன்ற மலை ஊர்களுக்கும் வந்தது. ஸ்டிக்கர் கிழியாமல் கொண்டுபோங்கள்.

"மாநகராட்சி நிலமும் புறம்போக்கும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை, இதில்தான் பாதி மனு திரும்பி வருகிறது. புறம்போக்கு என்பது வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள வகைப்பாடு: ஏரி, ஓடை, பாதை, மந்தைவெளி, நத்தம் என்று. அது அரசுடையது. மாநகராட்சி நிலம் என்பது மாநகராட்சி விலைக்கு வாங்கியதோ, தானமாகப் பெற்றதோ, அரசு அதற்கு ஒப்படைத்ததோ. ரோடும் பார்க்கும் மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கும், அதற்காக விற்கும் உரிமை வந்துவிடாது.

சர்வே எண் தெரிந்தால் அரசின் இ-சேவை தளத்தில் 'அ' பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம், நகரத்துக்குள் என்றால் நகர அளவைப் பதிவேடு. அதில் என்ன வகைப்பாடு என்று பார்க்காமல் "எங்கள் ஊர் பொது இடம்" என்று மனு எழுதாதீர்கள். பொது இடம் என்று வருவாய்க் கணக்கில் ஒரு வகையே இல்லை.

"மாநகராட்சி தன்னோட நிலத்தை வித்துட முடியுமா?"

மாமன்றம் மட்டும் நினைத்தால் முடியாது. தீர்மானம் போட்டு, மதிப்பு நிர்ணயித்து, அரசின் அனுமதி பெற்று, பொது ஏலமோ டெண்டரோ விட்டுத்தான் கைமாற்ற வேண்டும். நேரடி விற்பனை உண்மையில் அரிது. அதிகம் நடப்பது குத்தகை: கடைகள், மார்க்கெட், சைக்கிள் ஸ்டாண்ட், கட்டணக் கழிப்பிடம். குத்தகையில் கவனிக்கவேண்டியது வாடகை மட்டும் இல்லை, காலமும்தான். குறைந்த வாடகைக்குக் கையில் இருக்கும் கடை அடுத்த ஏலத்துக்கு வராமல் புதுப்பித்துக்கொண்டே போனால் அதுவும் விற்றது மாதிரிதான். பொருள் நிரலில் "குத்தகை நீட்டிப்பு" என்று ஒரே வரியில் வரும், யாரும் படிக்கமாட்டார்கள். நீங்கள் படியுங்கள்.

அரசுத் துறைகளுக்குள் நிலம் கைமாறுவதும் உண்டு. பள்ளிக்கூடம், துணை மின்நிலையம், தண்ணீர்த் தொட்டி கட்ட இடம் ஒப்படைப்பார்கள். அதை "தனியாருக்குத் தாரை வார்த்துவிட்டார்கள்" என்று போஸ்டர் அடித்தவர்களை எனக்குத் தெரியும். பாதித் தெரு எதிர்த்தது. கடைசியில் அங்கே வந்தது குடிநீர்த் தொட்டி.

"எங்க நகர்ல பார்க்குன்னு விட்ட இடத்துல ஒருத்தர் வீடு கட்டறாரு. பார்க்கு மாநகராட்சிக்குத்தானே சொந்தம்?"

சொந்தமா என்று பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். இப்போதைய கட்டட விதிகளின்படி (2019) 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடம் விடலாம், முடியாவிட்டால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000-க்குக் கீழ் எதுவும் இல்லை. ஆக, உங்கள் நகரின் அளவைப் பொறுத்து அங்கே பார்க்கு என்று ஒன்று சட்டப்படி இல்லாமலே இருக்கலாம்.

அங்கீகாரமில்லாத மனைகளை 2017-ல் வரன்முறை செய்தார்களே, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றவற்றை, அந்த நகர்களிலும் இடத்துக்குப் பதில் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். புரோக்கர் காட்டிய கலர் பிளானில் பச்சையாக மரம் வரைந்திருக்கும், பதிவேட்டில் ஒன்றும் இருக்காது.

தானப் பத்திரம்தான் ஆணிவேர். பார்க்கின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். உள்ளாட்சி பெயருக்குப் பத்திரம் பதிவாகியிருந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி. பதிவாகாமல் விட்டிருந்தால், மனை போட்டவரோ அவருடைய வாரிசோ அதைத் திரும்ப விற்க முயலுவார்கள், நீங்கள் சொல்லும் வீடு அப்படி வந்ததாக இருக்கும். அப்போதும் கை நழுவிவிடவில்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா என்று காட்டியதை வேறு வேலைக்கு மாற்றுவதை உச்ச நீதிமன்றம் 1991-லேயே ஒரு பெங்களூரு வழக்கில் ஏற்கவில்லை. வரைபட நகலை நகர ஊரமைப்பு அலுவலகத்தில் வாங்குங்கள். வீடு ரூப் போடுவதற்குள் வாங்குங்கள்.

"ஏரிய யாராச்சும் பட்டா போட்டுக் கொடுக்க முடியுமா?"

கூடாது. நீர்நிலை, மேய்ச்சல் போன்ற பொது நிலங்களை மீட்கச் சொல்லி 2011-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பொதுப்பணித் துறை ஏரிகளுக்குத் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. மேலே சொன்ன மாதிரி, ஏரி யாருடைய கட்டுப்பாட்டில் என்று முதலில் பாருங்கள். மாநகராட்சி, நீர்வளத் துறை, வருவாய்த் துறை என்று மாறும். தப்பான துறைக்கு எழுதினால் "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற கடிதத்தோடு மூன்று மாதம் போய்விடும். மூக்கனேரியில் 2010-ல் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரி நடுவில் மண்திட்டுகள் அமைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அனுமதி வாங்கித்தான் அதுவும் நடந்தது.

"இந்தத் தாளெல்லாம் எங்க கையில எப்படிக் கிடைக்கும்?"

தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை, இருக்கும் ஆவணத்தைக் கொடுக்கத்தான் கடமை. ஒரு பெரியவர் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் நாலு பக்கம் திட்டி எழுதி அனுப்பினார். "தகவல் கோரப்படவில்லை" என்று ஒரு வரி பதில் வந்தது. அடுத்த முறை மூன்று வரி எழுதினோம்: இந்தத் தேதி மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரல், இந்த எண் தீர்மானத்தின் நகல், அதோடு இணைந்த ஒப்பந்த நகல். வந்துவிட்டது. கோப்பு பெரிதாக இருந்தால் நேரில் பார்வையிடவும் கேட்கலாம்.

"தீர்மானமே நிறைவேறிடுச்சு. இனி என்ன பண்ண முடியும்?"

நிறைய. சட்டத்துக்கு விரோதமான தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. நகராட்சி நிர்வாகத் துறைக்கு எழுதலாம். முறைகேடு என்றால் 2014-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் கவுன்சிலர் மீதும் அதிகாரி மீதும் புகார் கொடுக்கலாம். கணக்கில் சந்தேகம் என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நான் பார்த்ததில் மிகச் சுவையான படிப்பு அதுதான், தணிக்கைத் தடைகள் பத்தி பத்தியாக இருக்கும். கடைசியாக உயர் நீதிமன்றம், அதற்கு மேற்படித் தாள்கள் எல்லாம் கையில் இருக்கவேண்டும்.

தீர்மானத்துக்கு முன்னால் தடுப்பதுதான் சுலபம். 2022-லிருந்து வார்டு குழுவும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் நகரங்களுக்கு வந்துவிட்டன. பகுதி சபைக்கு எங்கள் பக்கம் இருபது பேர் வந்தால் அதிகம், அதில் ஐந்து பேர் டீக்கு. அங்கே சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

"கவுன்சிலரே கான்ட்ராக்ட் எடுக்கலாமா?"

கூடாது, பதவியே போகும். மச்சான் பெயரில் எடுத்தால் நிரூபிப்பது உங்கள் சாமர்த்தியம்.

"என் பேரு வெளிய தெரியாம தகவல் கேக்க முடியுமாக்கா? அவரு எங்க தெருவுலயேதான் இருக்காரு."

இந்தக் கேள்வியை எப்போதும் கடையில் வேறு ஆள் இல்லாதபோதுதான் கேட்பார்கள். மனுவில் பெயரும் பதில் அனுப்ப முகவரியும் வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை, அவர்கள் கேட்கவும் கூடாது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. எந்த ஊர்க்காரரும் எந்த அலுவலகத்திலும் தகவல் கேட்கலாம், அந்த வார்டில் வீடு இருக்கவேண்டும் என்று இல்லை. போன வருடம் சூரமங்கலத்துப் பார்க்கு ஒன்றின் தானப் பத்திரத்தைக் கேட்டு மனு போட்டவர், அந்த நகர்க்காரர் ஒருவருடைய ஆத்தூர்ப் பெரியம்மா. பதில் ஆத்தூருக்குத் தபாலில் போய், காய்கறிப் பையில் சேலம் வந்தது. நான்தான் நாலு காப்பி எடுத்துக் கொடுத்தேன்.